நூலகத்தில் இருந்த ஆய்வேடு மாணவியின் கைக்கு வரப் பதின்மூன்று மாதங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையகத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகராக இருக்கிறேன். பட்டப்பின் மாணவர்களுக்கான உசாத்துணைப் பகுதி என் பொறுப்பு. 2022 ஒக்டோபரில் முதுதத்துவமாணிப் (எம்.பில்) பட்டத்துக்குப் பதிவு செய்த ஒரு மாணவி, நூலகத்திலும் மற்றப் பிரிவுகளிலும் இருந்த ஆய்வு வசதிகளை ஓராண்டுக்கு மேலாகப் பயன்படுத்த முடியாமல் இருந்தார். அது ஏன் நடந்தது, எப்படித் தெரிய வந்தது, பிறகு என்ன செய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். மாணவி இதை முழுவதும் வாசித்துச் சம்மதம் தந்திருக்கிறார். தோட்டம், பாடசாலை, கல்வி வலயம் ஆகியவற்றின் பெயர்களை விட்டிருக்கிறேன்.

பின்னணி

மாணவிக்கு அப்போது வயது முப்பத்தொன்று. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இன்றும் அங்கேயே தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருப்பவர். அடுத்த தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியர். அம்மா அந்த நாட்களிலும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். பட்டத்தை வெளிவாரியாகவும் முதுகலைமாணியை வார இறுதி வகுப்பாகவும் முடித்தவர்.

கடைசியாகச் சொன்ன விஷயம் முக்கியமானது. உள்வாரியாக நான்கு வருடம் விடுதியில் இருந்து படித்த பிள்ளைக்கு எந்தக் கருமபீடத்தில் எதைக் கேட்பது, எந்தப் படிவத்தை யாரிடம் கொடுத்தால் அலுவல் நடக்கும், நூலகத்தின் மேல்மாடிக் கதவு எப்போது திறக்கும் என்பதெல்லாம் சீனியர்மார் வாயிலாகத் தானாகவே வந்து சேர்ந்துவிடும். வெளிவாரியாகப் படித்தவருக்கு அதைச் சொல்லித்தர ஆளில்லை. எழுதி ஒட்டியிருப்பதை வாசித்துத்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவருடைய ஆய்வு, தோட்டப் பாடசாலைகளில் இருந்து பிள்ளைகள் விலகிய வரலாறு பற்றியது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால், தோட்ட வேலைக்காக இந்தியாவில் இருந்து வந்தவர்களின் வழிவந்த மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும் 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுப்பது என்றும் முடிவு செய்தது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரண்டு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தியாவுக்கான அந்தப் பயணம் நடந்த ஆண்டுகளில் ஒரு பாடசாலையின் வகுப்பறை எப்படி வெறிச்சோடியது என்பதைப் பாடசாலையின் சொந்தப் பதிவுகளில் இருந்தே காட்ட வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மூலம் சேர்விடாப்பு. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பாதுகாவலர், சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகியதற்கான காரணம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும் பெரிய புத்தகம் அது. மூன்று பாடசாலைகளின் பழைய சேர்விடாப்புகள் கறையானுக்குத் தப்பிக் கிடப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல ஆய்வுக்கேள்வி, கையெட்டும் தூரத்தில் மூலம். மேற்பார்வையாளர் உடனே ஒப்புக்கொண்டதில் வியப்பில்லை.

முதல் பதின்மூன்று மாதங்கள்

புதிய பட்டப்பின் மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சி ஒரு புதன்கிழமை காலையில் நடந்தது. பாடசாலையில் லீவு கிடைக்காததால் அவர் வரவில்லை. கைநூல் தபாலில் போனது. நூலகம், இணையச் சஞ்சிகைகள், கணினி நிலையம், புள்ளிவிவர ஆலோசனை, களப்பயண உதவித்தொகை எல்லாம் அதில் இருந்தன. அவர் ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்ததைப் பிறகு பார்த்தேன்.

சனிக்கிழமைகளில் வருவார். தோட்டத்தில் இருந்து காலை ஐந்தரைக்கு முதல் பஸ். தலவாக்கலையில் இறங்கி, ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக இங்கே வந்து சேரப் பத்து மணி தாண்டிவிடும். மாலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்கு ஏறும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் இரண்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும். ஆக நாலு மணித்தியாலம். அதிலும் மதியச் சாப்பாடு உண்டு.

சனிக்கிழமை நூலகம் திறந்திருக்கும். ஆனால் ஆய்வேடுகள் வைத்திருக்கும் மூடிய அடுக்குப் பகுதியில் அன்று ஊழியர் இல்லை. இது கைநூலில் இல்லை. கதவில் சின்ன எழுத்தில் ஒட்டியிருந்தது, அதுவும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்.

அவருக்கு மிகவும் தேவையாக இருந்த ஒரு ஆய்வேடு, அயல் மாவட்டம் ஒன்றின் தோட்டப் பாடசாலைகள் பற்றித் தமிழில் எழுதப்பட்டது, எங்கள் மூடிய அடுக்கிலேயே இருந்தது. கணினிப் பட்டியலில் தமிழில் தேடிப் பார்த்திருக்கிறார். வரவில்லை. காரணம், பழைய தமிழ் ஆய்வேடுகளின் தலைப்புகளை நாங்கள் ஆங்கில எழுத்தில் பெயர்த்துத்தான் பதிந்திருக்கிறோம். அதையும் ஒரே முறையில் செய்யவில்லை. ‘ழ’ வுக்கு ஒருவர் ஓர் எழுத்துப் போட்டிருக்கிறார், இன்னொருவர் இரண்டு எழுத்து. ‘தோட்டம்’ என்ற சொல் எங்கள் பட்டியலில் நான்கு விதமாக இருப்பதை இந்த விஷயத்துக்குப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். நூலகத்தில் இல்லை என்று முடிவு செய்து அவர் அதை விட்டுவிட்டார்.

இணையச் சஞ்சிகைகளின் கதை வேறு. வளாகத்துக்குள் இருந்தால் நேராகத் திறக்கும். வெளியே இருந்து பார்க்கப் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி வேண்டும். அந்த முகவரியைக் கணினி நிலையம் கொடுக்கும். கணினி நிலையத்துக்குப் பதிவு இலக்கம் பட்டப்பின் படிப்புப் பிரிவில் இருந்து வர வேண்டும். அவருடைய இலக்கம் அந்தப் பிரிவில் ஒரு கோப்புக்குள் இருந்தது, கணினி நிலையத்துக்குப் போகவில்லை. அவர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். ஒரு தடவை ‘பீடத்தில் கேளுங்கள்’ என்றும், மற்றத் தடவை ‘வரும், பொறுங்கள்’ என்றும் பதில் கிடைத்தது. அப்புறம் அவர் கேட்கவில்லை. ஏன் என்று பின்பு கேட்டேன். “தொந்தரவு குடுக்கிற மாதிரி இருந்துச்சு மெடம்” என்றார்.

2023 ஏப்ரலில் முதல் முன்னேற்ற அறிக்கை: போதாது. ஒக்டோபரில் இரண்டாவது: போதாது. முன்னைய ஆய்வுகள் பற்றிய அத்தியாயத்தில் பத்திரிகைக் கட்டுரைகளும் இணையத்தில் யார் எழுதியது என்று தெரியாத குறிப்புகளும்தான் இருந்தன. மூன்றாவது அறிக்கையும் இப்படியே வந்தால் பதிவு ரத்தாகும். மாணவிக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்றே மேற்பார்வையாளர் நினைத்தார். அவருக்கு முன்னால் இருந்த காகிதத்தை மட்டும் பார்த்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

2023 நவம்பர்: என்ன கண்டோம்

ஒக்டோபர் அறிக்கைக்குப் பிறகு மேற்பார்வையாளர் எனக்குக் கோல் எடுத்தார். “இந்தப் பிள்ளைக்கு நூலகத்தில் ஒருக்கா உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க, தேடத் தெரியல்ல போல” என்றார். நானும் அதே எண்ணத்தோடுதான் ஒரு சனிக்கிழமைக்கு நேரம் கொடுத்தேன். சஞ்சிகைத் தளங்களில் எப்படித் தேடுவது என்று காட்டும் வழக்கமான பாடத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

பத்தரைக்கு வந்தார். கையில் ஒரு சிஆர் கொப்பி, பழைய போன், பாடசாலையில் இரவல் வாங்கிய லெப்டொப். கொப்பியைத் திறந்தபோது என் பாடம் தேவையில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. எந்தச் சொல்லைப் போட்டு எங்கே தேடினார், என்ன வந்தது, எது பணம் கட்டச் சொல்லி மூடிக்கொண்டது என்று திகதி வாரியாக எழுதி வைத்திருந்தார். சுருக்கத்தை மட்டும் வாசிக்க முடிந்த கட்டுரைகளின் சுருக்கங்களைக் கையால் பிரதி எடுத்திருந்தார். அறுபதுக்கு மேல் இருந்தன. தேடத் தெரியாதவர் செய்யும் வேலை இல்லை அது.

அப்போதுதான் கேட்டேன்: “நீங்க எங்க இருந்து, எத்தனை மணிக்கு இதெல்லாம் செய்றீங்க?”

“லயத்துல சிக்னல் எடுக்காது மெடம். மேல தண்ணி டாங்கியடியில எடுக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, இருட்டுறதுக்குள்ள ஒரு மணித்தியாலம் அங்க இருப்பேன். எழுதுறது ராவுல, எல்லாரும் படுத்தாப் பிறகு.”

ஒரே காம்பராவில், அதாவது லயத்து அறையில், ஐந்து பேர். மேசை இல்லை. மழை பெய்தால் டாங்கியடி இல்லை. தலவாக்கலைப் பக்கம் எத்தனை மாதம் மழை பெய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போனில் சேர்விடாப்புகளின் படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. கமராவே கொடுத்த இலக்கங்கள்தான் பெயர். எந்தப் படம் எந்தப் பாடசாலை என்பது அவர் மனதில் மட்டும் இருந்தது. வேறு பிரதி கிடையாது. அந்தப் போன் ஒருநாள் தண்ணீரில் விழுந்தால் ஆய்வு முடிந்தது. எழுதிய அத்தியாயங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாடசாலை வினாத்தாள்கள் அடித்துப் பழகிய கை, அதனால் அதுவே வந்திருக்கிறது.

அன்று மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் மூடிய அடுக்கின் சாவியை வாங்கி, அந்த ஆய்வேட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். திரும்பி வந்து அட்டையைப் பார்த்தவர் சிறிது நேரம் பேசவே இல்லை. பொருளடக்கத்தை விரலால் தடவித் தடவி வாசித்தார். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம்தான் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அடுத்த வாரம் மேற்பார்வையாளர், துறைத் தலைவர், நான் மூவரும் இருந்து பேசினோம். புதிதாக எதையும் வாங்கவோ அமைக்கவோ வேண்டியிருக்கவில்லை. எல்லாம் இருந்தன. எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

மின்னஞ்சல் முகவரியை முதலில் எடுத்தோம். மற்றதெல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. கடிதம் அனுப்பிக் காத்திராமல், பட்டப்பின் படிப்புப் பிரிவின் எழுதுவினைஞரோடு நானே கணினி நிலையத்துக்கு நடந்து போனேன். இருபது நிமிடத்தில் முகவரி கிடைத்தது. அதே கோப்பில் இன்னும் நான்கு மாணவர்களின் இலக்கங்கள் போகாமல் கிடந்தன. அவர்கள் யாரும் முறைப்பாடு செய்திருக்கவில்லை.

இரண்டாவது, நேரம். விடுதியில் தங்கும் உரிமை முழுநேர மாணவருக்கு மட்டும். ஆனால் பெண்கள் விடுதியில் விருந்தினர் அறை ஒன்று பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. விடுதிக் காப்பாளர் மாதத்தில் இரண்டு வெள்ளி இரவுகளுக்கு அதைத் தர ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை பாடசாலை முடிந்து நேராகக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்கு இங்கே. சனி காலை எட்டு மணிக்கு நூலகம் திறக்கும்போதே வாசலில் நிற்கலாம். நாலு மணித்தியாலம் ஆறேகாலானது. அதைவிட, பஸ்ஸில் நசுங்கி வந்த களைப்பு இல்லாமல் உட்கார முடிந்தது. கடன் கொடுத்தாவது லெப்டொப்பும் டேட்டாவும் ஏற்பாடு செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. டாங்கியடி உட்கார்ந்து எழுதும் இடம் இல்லை என்பதால் அதை நான் ஏற்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது மேசையும் கதவும்.

மூன்றாவது, ஆய்வேடுகள். வியாழக்கிழமை அவர் தொலைபேசியில் கேட்பார், வெள்ளிக்கிழமை ஊழியர் எடுத்து முன் கருமபீடத்தில் வைப்பார், சனிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டு வாசிப்பார். இவ்வளவுதான். இதற்கு ஓர் ஆண்டு எடுத்திருக்கக் கூடாது.

படங்களை மூன்று இடத்தில் சேமித்தோம். ஒவ்வொன்றுக்கும் பாடசாலைக் குறி, ஆண்டு, பக்கம் என்று பெயர் வைக்க அவருக்கு மூன்று சனிக்கிழமை போனது. வலயக் கல்விப் பணிமனையின் எழுத்து மூல அனுமதியையும் அப்போதே எடுத்தோம். அதுவரை அதிபர்களின் வாய்மொழிச் சம்மதம்தான் இருந்தது. அந்தப் பதிவுகளில் உள்ள பலர் இன்றும் உயிரோடு இருப்பவர்கள், குடியுரிமைக்காகப் பல ஆண்டு அலைந்தவர்கள். ஆய்வேட்டில் பெயர் எதுவும் வரக் கூடாது, இலக்கம் மட்டும் என்று அப்போதே முடிவானது.

கூடவே, ஜேஸ்ரோர் (JSTOR) என்ற சஞ்சிகைத் தளத்தில் தனிக் கணக்குத் திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை இணையத்திலேயே கட்டணமின்றி வாசிக்கலாம் என்பதைக் காட்டினேன். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலக இணையத்தளத்தையும் காட்டினேன். அதில் மலையகத்தில் வெளிவந்த பழைய சிற்றிதழ்களும் மலர்களும் ஏராளமாக இருக்கின்றன. முதல் நாளே அவர் தேடிக்கொண்டிருந்த ஒரு ஆசிரியர் சங்க மலர் அங்கே கிடைத்தது.

எழுத்துருவில் நான் செய்த தவறு

பாமினியில் அடித்ததை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற வேண்டும் என்று சொன்னது நான்தான். பாமினியில் திரையில் தெரிவது தமிழானாலும் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. அதில் தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது, ஒப்புமை சோதிக்கும் மென்பொருளும் அதைத் தமிழாக வாசிக்காது. ஆகவே மாற்றச் சொன்னது சரி. மாற்றிய விதம் பிழை.

முழு அத்தியாயத்தையும் பிரதி எடுத்து, எழுத்துருவை மாற்றும் மென்பொருளில் ஒட்டி, ஒரே தடவையில் மாற்றச் சொன்னேன். அதற்குள் ஆங்கிலத்தில் இருந்த நூற்பெயர்கள், அடிக்குறிப்புகள், ஆட்களின் பெயர்கள் எல்லாவற்றையும் அந்த மென்பொருள் பாமினி என்றே எடுத்துக்கொண்டது. ‘ரிப்போர்ட்’ என்ற ஆங்கிலச் சொல் ‘சுநிழசவ’ என்று நின்றது. அறுபத்து மூன்று பக்கம். அடிக்குறிப்பு இலக்கங்களும் உதிர்ந்துவிட்டன. பழைய கோப்பின் மேலேயே புதியதைச் சேமித்துவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை.

இரண்டு சனிக்கிழமைகளும் பல இரவுகளும் அதைச் சரிசெய்யவே போயின. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் நேரமே இல்லாத ஒருவரின் நேரத்தை நான் வீணாக்கினேன். இப்போது மாணவர்களுக்குச் சொல்லும் முறை வேறு: முதலில் ஒரு பிரதி எடுத்துத் தனியாக வையுங்கள், ஆங்கிலப் பகுதிகளை வேறு நிறத்தில் குறியுங்கள், தமிழ்ப் பந்திகளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், அடிக்குறிப்புகளைக் கடைசியில் கையால் மாற்றுங்கள்.

சேர்விடாப்பில் இருந்த குறி

2024 பெப்ரவரியில் அவர் ஓர் அட்டவணையோடு வந்தார். 1968 முதல் 1977 வரை ஒரு பாடசாலையில் இருந்து விலகிய பிள்ளைகளைக் காரணம் வாரியாகப் பிரித்திருந்தார். ‘இந்தியா’ என்று எழுதப்பட்டவர்கள் எதிர்பார்த்ததை விடக் குறைவு. ‘காரணம் தரப்படவில்லை’ என்ற பிரிவுதான் எல்லாவற்றிலும் பெரிது. அந்தத் தோட்டத்தில் அந்த ஆண்டுகளில் லயம் லயமாகக் காலியானதை அவருடைய அம்மாவே கண்ணால் கண்டவர். பதிவும் அம்மாவின் நினைவும் ஒத்துப்போகவில்லை. அத்தியாயத்தில், நினைவு மிகைப்படுத்தும் என்று ஒரு பந்தியும் எழுதியிருந்தார்.

படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். 1971 ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று. நீல மை, சாய்ந்த கையெழுத்து. விலகிய காரணம் என்ற நிரலில் மேலே ஒரு வரியில் ‘இந்தியா’ என்று தெளிவாக இருக்கிறது. அதன் கீழே வரிசையாக ஏழு வரிகளில் ஏதோ சுழித்துப் போட்டது போல ஒரு கிறுக்கல். அதிபரின் சுருக்கொப்பம் என்று மாணவி நினைத்திருந்தார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

தமிழ்த்துறையில் ஓய்வுபெற்ற பிறகும் வாரம் ஒருமுறை வந்துபோகும் முதிய விரிவுரையாளர் ஒருவர் அன்று நூலகத்தில் இருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர், “இது ஒப்பம் இல்லம்மா, மேற்படி” என்றார். ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார்: ௸. பழைய கணக்குப் புத்தகங்களிலும் பத்திரங்களிலும் மேலே சொன்னதே இங்கும் என்று காட்டப் போடும் குறி. அந்தக் காலத்து ஆசிரியருக்கு அது கைவந்த பழக்கம். எங்கள் தலைமுறைக்கு அது கிறுக்கல்.

அந்த ஏழு பிள்ளைகளும் இந்தியாவுக்குப் போனவர்கள்.

மாணவி எல்லாப் பக்கங்களையும் மறுபடி எண்ணினார். காரணம் தரப்படவில்லை என்ற பிரிவில் பெரும்பகுதி இந்தியா என்ற பிரிவுக்குப் போய்விட்டது. நினைவு மிகைப்படுத்தும் என்ற பந்தியை வெட்டினார். அந்த மாதம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டியதாகவும், அம்மா மூன்று பெயர்களைக் கேட்டதும் எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்று சொன்னதாகவும் பிறகு என்னிடம் சொன்னார்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். ஆய்வு வசதி என்று கேட்டால் கணினி எத்தனை, சஞ்சிகை எத்தனை என்று கணக்குக் கொடுக்கிறோம். அந்த முதியவர் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர் அன்று வராமல் இருந்திருந்தால் ஒரு பிழையான அட்டவணை பல்கலைக்கழக முத்திரையோடு வெளியே போயிருக்கும். அடுத்து வருபவர்கள் அதையே மேற்கோள் காட்டியிருப்பார்கள்.

கொழும்பில் நான்கு நாட்கள்

கல்விப் பகுதியின் பழைய நிர்வாக அறிக்கைகளைப் பார்க்கக் கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டியிருந்தது. களப்பயண உதவித்தொகை உண்டு. ஆனால் முதலில் செலவழித்து, பற்றுச்சீட்டுக் கொடுத்து, பிறகு பெற வேண்டும். பயணம், தங்குமிடம், சாப்பாடு, பிரதிக் கட்டணம் என்று போட்ட கணக்கு, கடன் கழிவு போக அவர் கையில் பெறும் சம்பளத்தில் பாதி வந்தது. அந்த நேரத்தில் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் சம்பளம் 1,000 ரூபா. வீட்டில் கேட்கவும் முடியாது.

முற்பணம் கொடுக்கும் நடைமுறை ஊழியருக்கு மட்டும் இருந்தது. துறைத் தலைவர் தன் பெயரில் முற்பணம் எடுத்து, கணக்கையும் தானே ஒப்புவிக்க முன்வந்தார். 2024 ஏப்ரலில் புத்தாண்டு முடிந்த கையோடு, பாடசாலை விடுமுறையில் நான்கு நாள் போய் வந்தார். மேற்பார்வையாளரின் அறிமுகக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, எந்த ஆண்டு எந்த அறிக்கை என்ற பட்டியல் எல்லாவற்றையும் போகுமுன்பே தயார் செய்திருந்ததால் முதல் நாளே வேலை தொடங்கிவிட்டது.

வேலைநிறுத்தமும் அதன் பிறகும்

2024 மே தொடக்கத்தில் நாடு முழுவதும் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. நூலகம் பூட்டு, விடுதி பூட்டு. அவர் மறுபடியும் டாங்கியடிக்குப் போனார். ஆனால் இந்த முறை கையில் மின்னஞ்சல் முகவரி இருந்தது, இறக்கி வைத்த கட்டுரைகள் இருந்தன, ஆய்வேட்டில் இருந்து எடுத்த குறிப்புகள் இருந்தன. அந்த இரண்டு மாதத்தில் ஓர் அத்தியாயம் முழுதாக எழுதினார். அதே காலத்தில் இன்னும் சில பகுதிநேர மாணவர்கள் முற்றாக நின்றுபோனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு அத்தியாயம் மட்டும் எழுதப்படவில்லை. அந்த ஆண்டுகளின் தமிழ் நாளிதழ்களைப் பார்க்கத் திட்டம் இருந்தது. எங்களிடம் அவற்றின் நுண்படச் சுருள்கள் (மைக்ரோபிலிம்) உண்டு. வாசிக்கும் கருவி பழுதாகி நெடுங்காலம். உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. கடைசியில் மேற்பார்வையாளர் அந்த அத்தியாயத்தை விடச் சொன்னார். ஆய்வின் எல்லைகள் பற்றிய பகுதியில் அது வெளிப்படையாக எழுதப்பட்டது.

2025 ஜூனில் ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டது. ஒக்டோபரில் வாய்மொழிப் பரீட்சை. சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். ௸ குறி பற்றிய பின்னிணைப்பைத் தனிக் கட்டுரையாக எழுதும்படி பரீட்சகர் ஒருவர் சொன்னார்.

மாறியவை, மாறாதவை

பதிவு இலக்கங்கள் இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் கணினி நிலையத்துக்குப் போகின்றன. அறிமுக நிகழ்ச்சி சனிக்கிழமைக்கு மாறியிருக்கிறது. மூடிய அடுக்கின் கதவில் தமிழிலும் அறிவித்தல் உண்டு. வியாழக்கிழமை கோல் எடுக்கும் ஏற்பாடு எல்லாப் பகுதிநேர மாணவருக்கும் பொதுவாகிவிட்டது. தமிழ் ஆய்வேடுகளின் தலைப்புகளைத் தமிழ் எழுத்திலேயே பட்டியலில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். இரண்டு பேர், வாரத்தில் ஒரு மதியம் என்று நடக்கிறது. மெதுவாகத்தான் போகிறது, பாதி கூட முடியவில்லை.

விடுதி அறை இன்னும் காப்பாளரின் நல்ல மனதில்தான் தங்கியிருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அதை விதியாக எழுதக் கேட்டிருக்கிறோம். முற்பணமும் அப்படியே. ஒரு தலைவர் தன் பெயரைக் கொடுத்ததால் நடந்தது, அடுத்த மாணவருக்கு யார் கொடுப்பார்? நுண்படக் கருவிக்காக மூன்றாவது கடிதம் போயிருக்கிறது.

மறுபடி தொடங்க முடியுமானால் நான் மாற்றுவது இரண்டு. முதல் முன்னேற்ற அறிக்கை ‘போதாது’ என்று வந்த 2023 ஏப்ரலிலேயே மாணவியை உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். அந்த அறிக்கையின் ஒரு பிரதி நூலகத்துக்கு வருவதே இல்லை. இப்போது கேட்டு வாங்குகிறேன். மற்றது, மேற்பார்வையாளரும் மாணவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: எங்கே இருந்து, வாரத்தில் எத்தனை மணித்தியாலம் வேலை செய்ய முடிகிறது? பீடச் சபை அதை ஏற்றிருக்கிறது.

சேர்விடாப்புப் படங்களின் ஒரு தொகுதி அந்த மூன்று பாடசாலை அதிபர்களிடமும் கொடுக்கப்பட்டது. இன்னொன்று எங்கள் நூலகத்தில், அனுமதியோடு மட்டும் பார்க்கும்படி இருக்கிறது. ஒரு பாடசாலையின் மூலப் புத்தகம் கடந்த மழையில் நனைந்து பக்கங்கள் ஒட்டிப்போய்விட்டதாக அதிபர் தகவல் அனுப்பினார். 1971 ஆம் ஆண்டுப் பக்கமும் அதில் ஒன்று.